மாரிச்செல்வி சுவரும் மைதீன் இன்ஜினியரும்

கரண்ட் போயிருந்த நேரம். எங்கள் தையல் பட்டறையில் எல்லா மிஷினும் ஒன்றாக நின்றுவிட, பெண்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கொத்தனார் பரமசிவம் போன் செய்தான். எப்போதும் "யக்கா, சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பிக்கிறவன் அன்று அதைக் கேட்கவில்லை.

"நம்ம மைதீன் இன்ஜினியர் செத்துப்போனாரு யக்கா. திருநெல்வேலிக்குப் போயிட்டு ரயில்ல வந்திருக்காரு. மணியாச்சி தாண்டலையாம். நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுச் சாஞ்சவருதான்."

"ஏலே, எவம்ல ஒனக்குச் சொன்னான்? நல்லா விசாரிச்சியா?"

"அவரு வீட்டு வாசல்ல நின்னுதான் பேசுதேன்."

போனை மருமகள் உமாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஐம்பதைத் தொடாத மனுஷன். என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். எனக்கு முன்னால் போக அவருக்கு என்ன அவசரம் என்று செண்பகவல்லித் தாயிடம் கேட்டேன். அவள் சன்னதிக்கு நான் எத்தனையோ கேள்விகளோடு போயிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் எப்படி இருந்தாளோ, இதற்கும் அப்படியே இருந்தாள்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் வீடு கட்டியவர்களும் நாற்பதாம் நாளை ஒட்டி ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை போனவள். பேசச் சொன்னால் நிறுத்தமாட்டேன். எழுதச் சொன்னால்தான் பேனா நகராது. ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்களில் நிறையப் பேருக்கு அவர் புதுச் சுவர் எழுப்பித் தந்திருப்பார். எனக்கு ஒரு சுவரை இறக்கித் தந்தார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் எட்டயபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல். மழைக்கு உப்பும், கோடைக்கு ஆட்டுக்குட்டியின் கால் சிக்குகிற அளவுக்குப் பிளக்கும். நாங்கள் ஆடு வளர்க்கிற குடும்பம். என் மாமனார் காலத்து வீடு, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி மேலே நாட்டு ஓடு போட்டது. முன்னால் பட்டாசல் என்று நாங்கள் சொல்கிற நீளமான கூடம், பின்னால் ஒரு அறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

அந்த அறையில்தான் எங்கள் மகள் மாரிச்செல்வி காய்ச்சலில் கிடந்து போனாள். பெரியவளாகிச் சடங்கு வைத்து ஒரு வருசம் கூட ஆகவில்லை. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை எங்கள் பக்கம் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவோம். ஒரு ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் வைத்து, அந்த நடுச்சுவரின் மாடத்தில் ஏற்றி வைத்தோம். செவ்வாயும் வெள்ளியும் நான் போய் விளக்கேற்றுவேன். சுவரின் காலடியில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. காய்ச்சலில் அவள் 'தண்ணி, தண்ணி' என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். அதனால் நானாக ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எங்களால் படுக்க முடியவில்லை. அடுத்த தெருவில் கிடைத்த தொகுப்பு வீட்டுக்குப் போய்விட்டோம். பழைய வீட்டுப் பட்டாசலில் ஆடுகளுக்குக் கடலைக்கொடி அடுக்கினோம். அறைக்குள் போகிறவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் அந்த நிலைப்படியில் கால் வைத்ததே இல்லை.

மாடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பற்றி நான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அது கோடு மாதிரித்தான் இருக்கும். பங்குனி பிறந்ததும் மெல்லத் திறக்கும். சித்திரையில் என் சுண்டுவிரல் உள்ளே போகும். மாரிச்செல்வி போனது சித்திரையில். பிள்ளை வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வருகிறவள் ஏன் சுவரைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும்? ஏதோ குறை இருக்கிறது, கேட்கிறாள். வளையல் பத்தவில்லையோ என்று வளையல் வைத்தேன். கொலுசு வைத்தேன். தாகம் தீரவில்லையோ என்று சித்திரை மாதம் மட்டும் தினமும் ஒரு குடம் ஊற்றினேன். எது செய்தாலும் அடுத்த வருசம் விரிசல் இன்னும் கொஞ்சம் அகலமாகத்தான் திறந்தது.

அந்த விரிசலில் வாயை வைத்து நான் அவளோடு பேசுவேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று என் உதட்டில் படும். ஒன் தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போறான், ஒன் தம்பிக்குப் பொண்ணு பாத்திருக்கு, பேரு உமா, செகப்பா இருக்கா, கொஞ்சம் வாய் நீளம், எனக்குத் தோதாத்தான் இருப்பா என்று எல்லாச் சேதியும் அதில்தான் சொன்னேன். இதை என் வீட்டுக்காரரிடம் கூடச் சொன்னதில்லை.

என் மகன் முருகேசனும் உமாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்து தொழில் கற்றவர்கள். ஊரோடு வந்து சொந்தமாகத் தைத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பழைய வீட்டைப் பட்டறையாக்கலாம் என்றார்கள். துணி விரித்து வெட்ட நீளமான மேஜை வேண்டுமாம். அதைச் சுற்றி ஆள் நிற்கிற அகலம் பட்டாசலுக்குள் அடங்காது. நடுச்சுவரை எடுத்தால் அடங்கும். மகன் இதைச் சொன்னபோது நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வாளியைப் போட்டுவிட்டேன்.

"ஒங்க அக்காவ வெளிய தள்ளுவியால?"

"யம்மா, பெட்டியத் தூக்கி வேற சுவத்துல வைப்போம். அம்புட்டுத்தான்."

"நீ ஒன் பொண்டாட்டி பிள்ளையோட வேற சுவத்துல போய் ஒட்டிக்கிடு. நான் அவள விட்டு நகர மாட்டேன்."

உமாதான் நடுவில் புகுந்து, கோவில்பட்டியில் மைதீன் இன்ஜினியர் இருக்கிறார், பழைய வீட்டு வேலையில் கெட்டிக்காரர், அவர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி என் வாயை அடைத்தாள்.

வந்தவரை நான் வாங்க என்று கூடக் கேட்கவில்லை. அவர் ஒரு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓடுகளைப் பார்த்தார், உத்திரத்தைத் தட்டினார். அறை வாசலுக்கு வந்ததும் மாடத்தில் விளக்கைக் கண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

"பிள்ளைக்கு என்ன பேருக்கா?"

கன்னியான பிறகு பிள்ளையின் பேரை யாரும் சொல்வதில்லை. ஊரில் 'உங்க வீட்டுக் கன்னி' என்பார்கள். நானே 'தாயி' என்றுதான் கூப்பிடுவேன். எத்தனையோ வருசம் கழித்து அன்றுதான் மாரிச்செல்வி என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் மறுபடி ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வேலை முடிகிறவரை அவருக்கு அது நடுச்சுவர் இல்லை. "கிழக்குச் சுவத்துல ஜன்னல், மேக்குச் சுவத்துல மெயின் போர்டு, மாரிச்செல்வி சுவத்த நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்பார். பரமசிவத்துக்கும் அதே வாய்ப்பழக்கம் ஆகிவிட்டது.

வேலை தொடங்கிய வாரம் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "யக்கா, நாலு பக்கச் சுவரும் இதே மண்ணுலதான் நிக்கி. அதெல்லாம் தலைமுறைக்கும் அசையல. இது ஒண்ணு மட்டும் ஏன் கிழியுது? கீழ ஒரு குழி போட்டுப் பாக்கட்டுமா? சுவத்துல கை வைக்க மாட்டேன்."

நான் சம்மதித்தேன். அக்கினி நட்சத்திர வெயில். ஊர் நிலமெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தது. பரமசிவம் சுவரின் காலடியில் ஒரு தரைக்கல்லைப் பெயர்த்துத் தோண்டினான். கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. உள்ளேயிருந்து அவன் அள்ளிப் போட்ட மண் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. இன்ஜினியர் அதைக் கையில் எடுத்து உருட்டினார். உருண்டை உதிராமல் நின்றது.

"இங்கன பைப் எதுவும் போகுதாக்கா?"

"இந்த வீட்டுக்கு ஏது பைப்பு?"

"அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"நான்தான் ஊத்துதேன்லா தம்பி. செவ்வாயும் வெள்ளியும் ஒரு குடம். சித்திரைன்னா தெனமும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கொஞ்சம் விளங்கிவிட்டது. பரமசிவம் பொறுக்காதவன். "யக்கா, நீங்க கன்னிக்கு ஊத்தல, கரிசலுக்குல்லா ஊத்திருக்கீங்க!" என்று சிரித்துவிட்டான். இன்ஜினியர் அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. "பரமசிவம், வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார்.

அவர் ஈரமண் ஒட்டிய கையைத் துடைக்காமல் என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து விளக்கினார். கோடையில் ஊர் மண்ணெல்லாம் காய்ந்து சுருங்கும்போது சுவரின் இரண்டு முனையும் கீழே இறங்குகிறது. நடுவில் மட்டும் நான் ஊற்றிய தண்ணீரால் மண் உப்பி நிற்கிறது. அது சுவரை மேலே தூக்குகிறது. தூக்கின இடத்தில் சுவர் கிழிகிறது. மழை பெய்தால் எல்லா மண்ணும் ஒன்றாக உப்பிவிடும். அதனால் விரிசல் மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான். குறையைத் தீர்க்க நான் ஊற்றிய தண்ணீர்தான் விரிசலைத் திறந்திருக்கிறது. விரிசல் திறக்கத் திறக்க நான் இன்னும் ஊற்றியிருக்கிறேன்.

"அப்ப இத்தன வருசமா நான் பேசினது மண்ணுகிட்டயா தம்பி?" என்று கேட்டேன். யாரிடமும் சொல்லாத சங்கதியை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். விரிசலில் வாய் வைத்துப் பேசுவதை, குளிர்ந்த காற்று வருவதை, எல்லாவற்றையும் கொட்டினேன். "அவ குறைப்பட்டு நிக்கான்னு நெனச்சது போகட்டும். அவ இங்கன இருக்கான்னு நெனச்சதும் பொய்யா? சொல்லுங்க. படிச்சவருதானே."

உங்களுக்கெல்லாம் அவர் பேச்சு தெரியும். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவர் இல்லை. கையிலிருந்த மண் உருண்டையைக் குழிக்குள் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்: "விரிசலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். அத சொன்னேன். பிள்ளை இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் இடிக்க மாட்டேன்க்கா."

வேலையை நிறுத்தவில்லை. மற்ற பக்கத்து வேலைகளைப் பார்த்தார். ஓடு மாற்றினார், மின்சாரத்துக்கு விண்ணப்பம் போட வைத்தார், பட்டாசலில் கரிசலை அள்ளிவிட்டுக் கிராவல் அடித்துத் தரை போட்டார். அந்தச் சுவரை மட்டும் விட்டுவைத்தார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ஆடி வரைக்கும் தண்ணீர் ஊற்றாமல் இருந்து பாருங்கள், விளக்கு ஏற்றுங்கள், பூ வையுங்கள், தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். விரிசல் திறந்தாலும் மூடினாலும் அது உடையுமாம்.

முருகேசன் குதித்தான். "மிஷின் எல்லாம் சொல்லி வச்சாச்சு சார். எங்கம்மா ஆடி வரைக்கும் அழுதுகிட்டு இருந்தா நாங்க என்ன செய்ய?"

"நீங்களும் கொஞ்சம் அழுங்க தம்பி. ஒங்க அக்காதானே" என்றார். அவன் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டான். அக்கா போனபோது அவன் சின்னப் பிள்ளை. அழ விடாமல் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தண்ணீர் ஊற்றாத அந்த மாதங்களை எப்படிச் சொல்வேன்? வெறுங்கையோடு அந்த அறைக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது. தாகத்துக்குக் கேட்ட பிள்ளைக்குத் தண்ணீர் தராமல் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். வைகாசிக் கடைசியில் கண்ணாடி உடைந்தது. ஆனி பிறந்ததும் என் சுண்டுவிரல் முழுசாக நுழையவில்லை. பிறகு நகம் மட்டும் போனது. வாயை வைத்தால் காற்று வரவில்லை. சுவரின் சூடுதான் உதட்டில் பட்டது. மழை ஒரு சொட்டு இல்லை, வெளியே நிலம் பிளந்தபடியே கிடக்கிறது, சுவர் மட்டும் மூடிக்கொண்டே வருகிறது. அவர் சொன்னது சரியென்று அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எனக்கோ ஒரு பிள்ளை மெல்ல மெல்ல முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். குடத்தில் மஞ்சளைக் கரைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டேன். ஊற்றினால் திறப்பாள். சுவர் விழுந்தாலும் விழட்டும். அறைக்குள் போனால் அங்கே இன்ஜினியர் டார்ச்சை அடித்து விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடத்தைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை.

"ஊத்தணும்னு தோணினா ஊத்துங்கக்கா. வீடு ஒங்களுது. சுவர் போனா நான் கட்டித் தாரேன்."

"நெசமாவா சொல்லுதீங்க?"

"நெசமாத்தான். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? மாரிச்செல்வி எப்படிப்பட்ட பிள்ளை? கோவம் வந்தா சாமானப் போட்டு உடைப்பாளா?"

"சீ, அவளா? பாவாடை முள்ளுல மாட்டினாக்கூட முள்ளு ஒடியாம எடுப்பா. ஆட்டுக்குட்டி காலைத் தெரியாம மிதிச்சுட்டோம்னு ஒரு நாள் பூரா அதைத் தூக்கி வச்சுக்கிட்டே அலைஞ்சா. முருகேசன் அவ சிலேட்ட உடைச்சப்போகூட, நான் அடிச்சிருவேன்னு, தான்தான் உடைச்சேன்னு சொன்னவ."

"அப்படிப்பட்ட பிள்ளையா வீட்டுச் சுவத்தக் கிழிச்சிட்டு நிக்கும்?"

அவர் வாதாடவில்லை. கேட்டுவிட்டு டார்ச்சை அணைத்தார். நான் குடத்தோடு நின்றேன். இத்தனை வருசமாக நான் யாருக்குப் பயந்தேன்? குறை சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையைக் குறைக்காரியாக்கி, ஒவ்வொரு சித்திரைக்கும் நடுங்கியிருக்கிறேன். அவள் முகம்கூட எனக்குக் கோபமுகமாக மாறிப்போயிருந்தது. ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற முகம் அப்போதுதான் திரும்பி வந்தது. குடத்தை வெளியே கொண்டுபோய் வாசலில் நின்ற வேப்பங்கன்றுக்கு ஊற்றினேன்.

"எறக்கிருங்க தம்பி" என்றேன்.

சுவரை இறக்கிய அன்று என் வீட்டுக்காரர் ஆட்டைப் பத்திக்கொண்டு போகவில்லை. அவர் அந்த அறைக்குள் வந்தார். மாடத்திலிருந்து பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். பரமசிவம் சம்மட்டியை ஓங்கியபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மாடத்துக்கு மேலிருந்த முதல் கல்லை விரலாலேயே அசைத்து அசைத்து உருவினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள். அதற்கு முன்பே இன்ஜினியர் கரிசலைத் தாண்டி அடியில் கெட்டியான சுக்காம்பாறை தட்டுகிற ஆழம் வரைக்கும் குழி எடுத்து, இரண்டு தூண் எழுப்பி, குறுக்கே இரும்புக் கர்டரை ஏற்றி, உத்திரத்தின் பாரத்தை அதற்கு மாற்றியிருந்தார். சுவர் போனபோது ஓடு ஒன்றுகூட நகரவில்லை.

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு அடையாளம் வரும் என்று பார்த்தபடியே இருந்தேன். ஒரு பல்லி சத்தம் போதும் எனக்கு. தூசிதான் வந்தது. தூசி அடங்கியதும் பின்பக்க ஜன்னலின் வெளிச்சம் முதல் தடவையாகப் பட்டாசல் முழுக்க விழுந்தது. நான் அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று இன்ஜினியர் என்னிடம் கேட்டார். கிழக்குச் சுவர் என்றேன். காலை வெயில் படுகிற இடத்தில் ஒரு மாடம் கட்டிக் கொடுத்தார். இப்போது அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வைக்கிறேன்.

பட்டறை நடக்கிறது. நீள மேஜையில் உமா துணி விரிக்கிறாள், ஊர்ப் பெண்கள் தைக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசலிலிருந்து பின்பக்கம் போக எனக்கு இப்போது நேர்வழி இருக்கிறது. என் கால் அப்படிப் போகாது. இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு, இல்லாத நிலைப்படியில் காலைத் தூக்கி வைத்துத்தான் போகும். பெண்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். மிஷின்களை வரிசையாகப் போடும்போது அந்த இடத்தில் ஒன்று வந்துவிட்டது. இன்ஜினியர் வந்து பார்த்தவுடன் அதை நகர்த்தச் சொன்னார். "அது அக்கா நடக்கிற வழி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வருகிற வேலை இருந்தால் எங்கள் பட்டறைக்கும் வருவார். கர்டரை அண்ணாந்து பார்ப்பார். டீ குடிப்பார். போகும்போது அந்த வெற்றிடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். தரையைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவரை அடக்கம் செய்த நாளில் எனக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. ஒரு வாரம் கழித்து உமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மனைவி ஆயிஷா உள் அறையில் வெள்ளை முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். புருசன் போனபின் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிற பெண், வெளியே வரக்கூடாது. அதுவரைக்கும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உமா எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டறை மதினியா? வாங்க மதினி. மாரிச்செல்வி வரலையா?"

உமா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அவிய வாய் ஓயாமச் சொல்லுவாவ. எங்க போயிட்டு வாரீயன்னு கேட்டா, மாரிச்செல்வி வீட்டுக்குப் போயிட்டு வாரேம்பாவ. அவளுக்கு வெளிச்சம் வேணும்னு கிழக்கு ஜன்னல பெருசாக்கினேம்பாவ. ஒரு நாளு ஒரே கோவம். என்னன்னு கேட்டா, மாரிச்செல்வி நடக்கிற வழியில மிஷினப் போட்டுட்டாங்கன்னு. அந்தப் பிள்ளைய ஒரு தடவை பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை மதினி. நல்லா இருக்காளா?"

என்னிடம் என் வழி என்று சொன்னவர் வீட்டில் போய் அவள் வழி என்று சொல்லியிருக்கிறார். தெரியாது என்று சொன்ன மனுஷன், அந்த வெற்றிடத்தில் நின்று எதைப் பார்த்தார்? இனி யாரிடம் போய் அதைக் கேட்பேன்?

ஆயிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருசனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற பெண், என் பிள்ளையின் நலம் கேட்கிறாள். மாரிச்செல்வி போன நாளிலிருந்து என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. ஊர் கேட்டதெல்லாம் வேறு. கன்னிக்கு ஏதும் குறை வச்சியளா, கன்னி ஏதும் சொல்லுச்சா என்றுதான் கேட்பார்கள்.

"நல்லா இருக்கா தாயி" என்றேன். "அவளுக்கு ஒரு குறையும் இல்ல."

வரும் வழியில் பஸ்ஸில் உமா கேட்டாள், "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதும்போது தெரிகிறது. அவரைத் தெரிந்தவர்கள் அவர் கட்டிய வீடுகளைக் காட்டி அவரை நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தப் பதில்தான். அதைச் சொல்கிற தைரியத்தை அவர் எனக்கும் தெரியாமல் எனக்குள் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆயிஷா, இந்த மலர் உன் கைக்கும் வரும். மாரிச்செல்வி யார் என்று நீ இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாய். உன்னிடம் நான் பொய் சொன்னதாக நினைக்காதே. இத்தா முடிந்ததும் எங்கள் ஊருக்கு வா. பஸ் நிறுத்தத்தில் நான் வந்து நிற்கிறேன்.